தாத்தாவின் படம் பேரனின் படமாக மாறும்போது நடுவில் ஏன் பேயுருவம் தெரிகிறது?

தாத்தாவின் பழைய ஸ்டுடியோப் படத்தையும் உங்களுடைய அண்மைக்கால வண்ணப் படத்தையும் வைத்துக்கொண்டு, ஒன்று மெல்ல மெல்ல மற்றொன்றாக மாறும் காணொளி செய்ய முயன்றிருக்கிறீர்கள். எடிட்டிங் மென்பொருளில் டிஸ்ஸால்வ் (ஒரு படம் மங்க மற்றொன்று தெளியும் மாற்றம்) போட்டுப் பார்த்தபோது நடுவில் நான்கு கண்களும் இரண்டு வாய்களுமாகப் பேயுருவம் போலத் தெரிந்தது என்று எழுதிவிட்டு, இதற்கு எந்த மென்பொருள் நல்லது, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட பிறகு பழைய முறைகளைக் கற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது, இறுதியில் சொல்கிறேன். ஆனால் டிஸ்ஸால்வ் எதைச் செய்யத் தவறுகிறது, மார்ஃபிங் (நிறத்தோடு வடிவத்தையும் மாற்றும் முறை) அதை எப்படிச் செய்கிறது என்பது தெரியாவிட்டால் எந்த மென்பொருளிலும் அதே பேயுருவம் வேறு வடிவத்தில் வந்து நிற்கும். விளம்பரப் படங்களுக்கான கம்பாசிட்டிங் வேலையில், அதாவது பல படங்களை ஒரே காட்சியாக இணைக்கும் வேலையில், பல ஆண்டுகள் இருந்தவன், இப்போது அதைக் கற்பிப்பவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் கைப்பழக்கத்தால் மட்டும் தெரிந்ததையும் பிரித்தே சொல்ல முயல்கிறேன்.

ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். தாத்தாவின் படத்தில் இடக்கண்ணின் வெளியோரம் இடமிருந்து 210-ஆவது பிக்சலிலும் மேலிருந்து 340-ஆவது பிக்சலிலும் இருக்கிறது என்றும், உங்கள் படத்தில் அதே கண்ணோரம் 260, 310 என்ற இடத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ஸால்வ் என்பது ஒவ்வொரு பிக்சலிலும் இரண்டு படங்களின் நிறத்தையும் ஒரு விகிதத்தில் கலப்பது மட்டுமே; எதுவும் இடம் பெயர்வதில்லை. ஆகவே பாதி வழியில் கண்ணோரம் சுமார் 58 பிக்சல் இடைவெளியில் இரண்டு இடங்களில் அரைச் செறிவுடன் தெரிகிறது. மார்ஃபிங்கில் அதே கண்ணோரம் கால் வழியில் 222.5, 332.5 என்ற இடத்திலும், பாதி வழியில் 235, 325 என்ற இடத்திலும் இருந்தாக வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, தாத்தாவின் படத்தை அந்த இடத்துக்கு இழுத்து, உங்கள் படத்தையும் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு இழுத்து, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திய பிறகே நிறங்களைக் கலக்கிறோம். இழுப்பதற்கு வார்ப் என்று பெயர். இரண்டு படங்களையும் இழுக்க வேண்டும் என்பதைத்தான் தொடங்குபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தாத்தாவின் படத்தை மட்டும் உங்கள் முகவடிவுக்கு வளைத்துவிட்டு டிஸ்ஸால்வ் போட்டால், முதல் பாதியில் வளையாத உங்கள் படம் மெல்லத் தலைகாட்டிப் பழைய பேயுருவத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

இழுக்கும் கணக்கிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மூலப்படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் எடுத்து அதன் புது இடத்தில் வைப்பதுதான் இயல்பான வழி என்று தோன்றும். அப்படிச் செய்தால், விரியும் பகுதிகளில் யாருமே வந்து சேராத பிக்சல்கள் ஓட்டை ஓட்டையாக நிற்கும். அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள்: வரப்போகும் ஃபிரேமின் ஒவ்வொரு பிக்சலுக்கும், இது மூலப்படத்தில் எங்கிருந்து வர வேண்டும் என்று கண்டுபிடித்து, அந்த இடம் முழு எண்ணாக அமையாதபோது அதைச் சுற்றியுள்ள நான்கு பிக்சல்களின் எடையிட்ட சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். நீங்களே நிரல் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இது தெரிந்திருப்பது நல்லது. ஒரு ஃபிரேமை வளைத்துச் சேமித்து, சேமித்ததை மறுபடி வளைத்து என்று தொடர்ந்தால் ஒவ்வொரு சராசரியிலும் கூர்மை குறையும். எல்லா ஃபிரேம்களையும் மூலப்படங்களிலிருந்தே கணக்கிட வேண்டும் என்பதன் காரணம் அதுதான்.

ஆக, நிறத்தைக் கலப்பது எளிய பகுதி. இந்தப் படத்தின் எந்தப் புள்ளி அந்தப் படத்தின் எந்தப் புள்ளிக்கு இணை என்ற முடிவே முழு வேலையும். இதுவரை வந்த முறைகள் எல்லாவற்றையும் அந்த முடிவை யார் எடுக்கிறார், எப்படிக் குறிக்கிறார் என்பதை வைத்தே வேறுபடுத்த முடியும் என்பது என் கருத்து. 1917-இலேயே டார்சி தாம்சன் என்ற ஸ்காட்லாந்து உயிரியலாளர், ஒரு மீனைக் கட்டங்களுக்குள் வரைந்து கட்டங்களை வளைத்தால் அது வேறோர் இன மீனின் உருவத்தை அடைவதைத் தாளில் காட்டியிருந்தார். கணினியில் இந்தத் துறை 1980-களில் உருப்பெற்றது. டாம் பிரிகாம் 1982-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் ஒரு பெண் காட்டுப்பூனையாக மாறும் காட்சியைக் காட்டினார். 1988-இல் வெளியான 'வில்லோ' படத்தில் ஒரு மந்திரக்காரி ஆடாகவும் நெருப்புக்கோழியாகவும் ஆமையாகவும் புலியாகவும் மாறி மனித உருவை அடையும் காட்சிக்காக, இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தின் டக் ஸ்மைத் ஒரு மென்பொருளை எழுதினார். அது வலைக்கட்ட முறை. இரண்டு படங்களின் மீதும் ஒரே எண்ணிக்கையிலான கோடுகள் கொண்ட வலையை விரித்து, இங்கே மூக்கின்மேல் விழும் கட்டம் அங்கேயும் மூக்கின்மேல் விழும்படி முடிச்சுகளை நகர்த்துவது. முதலில் கிடைவாக்கிலும் பிறகு நெடுவாக்கிலும் தனித்தனியாகக் கணக்கிடுவதால் அன்றைய இயந்திரங்களுக்கு அது தாங்கியது. ஆனால் தேவையே இல்லாத வெற்றுப் பின்னணியிலும் வலையின் முடிச்சுகள் வந்து நிற்பதால், நகர்த்துபவருக்கு வீண் உழைப்பு மிகுதி.

1991-இல் வந்த மைக்கேல் ஜாக்சனின் 'பிளாக் ஆர் ஒயிட்' காணொளியின் இறுதியில் பல இனத்தவரின் முகங்கள் பாடியபடியே ஒன்று மற்றொன்றாக மாறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த பசிஃபிக் டேட்டா இமேஜஸ் நிறுவனம் பயன்படுத்திய முறையை தாடியஸ் பையர், ஷான் நீலி இருவரும் 1992-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்றும் படித்துப் புரிந்துகொள்ளத் தக்க, தெளிவான கட்டுரை அது. இதில் வலை கிடையாது, இணைக்கோடுகள் மட்டுமே. தாத்தாவின் புருவத்தின்மேல் ஒரு கோடு, உங்கள் புருவத்தின்மேல் ஒரு கோடு. மூக்குத் தண்டுக்கு ஒன்று, தாடைக்கு இரண்டு மூன்று. ஒரு பிக்சல், கோட்டின் நீளவாக்கில் எத்தனை பங்கு தூரத்தில் இருக்கிறது, கோட்டிலிருந்து செங்குத்தாக எத்தனை பிக்சல் விலகியிருக்கிறது என்ற இரண்டு எண்களால் அதன் இடம் குறிக்கப்படுகிறது. மற்ற படத்தின் இணைக்கோட்டை வைத்து அதே இரண்டு எண்களால் மூல இடம் கண்டுபிடிக்கப்படுகிறது. கோடுகள் பல இருக்கும்போது ஒவ்வொரு கோடும் தனித்தனி இடத்தைச் சொல்லும். அருகிலுள்ள கோட்டின் சொல்லுக்கு மிகுந்த எடையும் தொலைவிலுள்ளதற்குக் குறைந்த எடையும் தந்து சராசரி எடுக்கிறார்கள். வரைபவரின் கைக்கு இது மிகவும் உகந்த முறை என்றாலும் இரண்டு குறைகள் உண்டு. எல்லாக் கோடுகளும் எல்லாப் பிக்சல்களையும் தொடுவதால், சில வேளை நெற்றியின் ஒரு துண்டு காதருகே போய் முளைக்கும். இப்படி வேண்டாத இடத்தில் வேண்டாத உருவம் தோன்றுவதைக் கட்டுரையாசிரியர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், அந்த இடத்தில் கூடுதலாக ஒரு கோடு போட்டு அடக்க வேண்டும். மற்றொன்று திசை. இங்கே இடமிருந்து வலமாக இழுத்த கோட்டை அங்கே வலமிருந்து இடமாக இழுத்துவிட்டால், அந்தப் புருவம் முழுச் சுற்றில் பாதி புரண்டு முகத்தையே முறுக்கிவிடும். முகம் திடீரென்று சுழல்வதாக யாராவது வந்து சொன்னால் நான் முதலில் சரிபார்ப்பது கோடுகளின் திசையைத்தான்.

உங்கள் தேவைக்கு நான் பரிந்துரைப்பது முக்கோண முறை. இரண்டு முகங்களிலும் இணைப்புள்ளிகளைக் குறித்து, அவற்றை முனைகளாகக் கொண்டு முகத்தை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முக்கோணத்தையும் அதன் இணை முக்கோணத்தின் வடிவுக்கு மாற்றுவது. மூன்று முனைகளின் இடம் தெரிந்தால், முக்கோணத்துக்குள் உள்ள எல்லாப் புள்ளிகளையும் கொண்டுசெல்லத் தேவையான ஆறு எண்களும் ஐயமின்றிக் கிடைத்துவிடும் என்பதால் கணக்கு எளிது, வேகம் மிகுதி. முக்கோணங்களை எந்தப் படத்தின் மீது பிரிப்பது என்பதில் கவனம் வேண்டும். இரண்டு படங்களிலும் தனித்தனியாகப் பிரித்தால் இணைகள் பொருந்தாமல் போகும். இணைப்புள்ளிகளின் சராசரி வடிவத்தின் மீது ஒரே முறை பிரித்து, அதே பட்டியலை இரண்டுக்கும் பயன்படுத்த வேண்டும். டிலோனே பகுப்பு என்று நிரல் நூலகங்களில் கிடைப்பதையே பயன்படுத்தலாம். மெலிந்து நீண்ட முக்கோணங்களை அது இயன்றவரை தவிர்க்கும். படத்தின் நான்கு மூலைகளையும் நான்கு விளிம்புகளின் நடுப்புள்ளிகளையும் சேர்க்காவிட்டால் முகத்துக்கு வெளியே ஒன்றும் வராது, கறுப்பாக நிற்கும்.

புள்ளிகளைக் கையால் குறிக்க வேண்டுமா, இயந்திரம் கண்டுபிடித்துத் தரட்டுமா என்றால், இயந்திரத்தில் தொடங்கிக் கையால் முடிப்பதே என் வழக்கம். டிலிப் என்ற இலவச நிரல் நூலகத்தோடு வழங்கும் முக மாதிரி 68 புள்ளிகளைத் தருகிறது: தாடை விளிம்புக்கு 17, புருவங்களுக்கு 10, மூக்குக்கு 9, கண்களுக்கு 12, வாய்க்கு 20. இந்தக் கணக்கைப் படித்தவுடன் குறை தெரிந்துவிடும். புருவத்துக்கு மேலே ஒரு புள்ளியும் இல்லை. நெற்றி, முடி தொடங்கும் வரம்பு, காது, கழுத்து, சட்டைக் காலர் ஆகிய எதுவும் அதற்குத் தெரியாது. இணையத்தில் காணும் பெரும்பாலான வீட்டுத் தயாரிப்பு மார்ஃபிங்குகளில் முகம் அழகாக மாறிக்கொண்டிருக்கும்போதே தலைமுடி மட்டும் இரட்டையாகத் தெரிவது இதனால்தான். முடி வரம்பில் ஏழெட்டுப் புள்ளிகளும், காதுக்கு மூன்று மூன்றும், தோள் கோட்டுக்குச் சிலவும் நீங்களே குறியுங்கள். பழைய கறுப்பு-வெள்ளைப் படத்தில், மங்கிய கன்னத்துக்கும் பின்திரைக்கும் நடுவே தாடை விளிம்பு எங்கே என்று இயந்திரம் தடுமாறுவதும் உண்டு. பெரிதாக்கிப் பார்த்துத் திருத்துங்கள்.

இணையே இல்லாதவற்றை என்ன செய்வது என்பதுதான் இந்த வேலையில் மிகவும் சிந்திக்க வேண்டிய இடம். தாத்தாவின் நெற்றியில் திருநீறு இருக்கிறது, மீசை இருக்கிறது, உங்களுக்கு இரண்டும் இல்லை. உங்களுக்குக் கண்ணாடி இருக்கிறது, அவருக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திருநீற்றுக் கோடுகளுக்கு உங்கள் நெற்றியில் ஒரு கற்பனை இணையைக் குறிக்கலாம்: புருவத்துக்கும் முடி வரம்புக்கும் இடையில் அதே விகிதத்தில் அமையும் இடம். அப்போது அது நெற்றியோடு சேர்ந்து நகர்ந்தபடியே மங்கும். மீசையும் அப்படியே, மேலுதட்டுக்கும் மூக்குக்கும் இடையிலான பகுதியாக மட்டும் அதைக் கருதினால் போதும். கண்ணாடி சிக்கலானது. கண்ணாடிச் சட்டத்தின் நேர்க்கோடு பல முக்கோணங்களின் எல்லைகளைக் கடக்கிறது. முக்கோணங்களின் எல்லையில் படம் அறுபடாது, ஆனால் கோட்டின் திசை ஒவ்வோர் எல்லையிலும் சட்டென்று மாறும். தோலில் அது கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடிச் சட்டத்தில் உடைந்த கம்பி போலத் தெரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு படம் எடுத்துக்கொள்வதே நேர்மையான தீர்வு. அதேபோல் வாய்: தாத்தா அந்தக் காலத்து வழக்கப்படி வாயை மூடிக்கொண்டு கேமராவைப் பார்த்திருப்பார்; நீங்கள் பல் தெரியச் சிரிக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தால், மூடிய உதடுகளுக்கிடையில் இல்லாத பற்களை எங்கிருந்து இழுப்பது? உதட்டுக் கோட்டிலிருந்து பற்கள் பிதுங்கி வரும் அந்தக் காட்சி அருவருப்பாகவே இருக்கும். வாயை மூடிய படம் வேண்டும்.

தலை திரும்பியிருக்கும் கோணமும் ஒத்திருக்க வேண்டும். நேர்முகத்திலிருந்து முக்கால் பக்கம் திரும்பிய முகத்துக்குப் புள்ளிகளை நேர்க்கோட்டில் நகர்த்தினால் நடுவிலுள்ள முகம் திரும்புவதாகத் தோன்றாமல் நசுங்குவதாகத் தோன்றும். ஸ்டீவன் சைட்ஸ், சார்ல்ஸ் டையர் இருவரும் 1996-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: இரண்டு படங்களையும் முதலில் இணையான இரு கேமராக்களிலிருந்து எடுத்ததுபோல் வளைத்துக்கொண்டு, அந்த நிலையில் மார்ஃபிங் செய்து, பிறகு இடைப்பட்ட கேமராக் கோணத்துக்குத் திரும்ப வளைப்பது. ஒரே பொருளை இரண்டு கோணங்களில் எடுத்த படங்களுக்கு வடிவம் சிதையாது என்பது கணிதத்தால் நிறுவப்பட்டது. இரண்டு வேறு மனிதர்களின் முகங்களுக்கு அதே உறுதி பொருந்தாது. நன்றாக வரலாம், அவ்வளவுதான். தாத்தாவின் படத்தை மாற்ற முடியாது, உங்கள் படத்தை மாற்ற முடியும். அவருடைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே கோணத்தில், ஏறத்தாழ அதே திசையிலிருந்து ஒளி விழும்படி நின்று ஒரு படம் எடுத்தால், மென்பொருளில் பல மணிநேரம் மிச்சமாகும்.

நிறக்கலப்பைப் பற்றிச் சிறிது. வடிவம் மாறும் வேகமும் நிறம் மாறும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வடிவத்தைச் சற்று முன்னதாகவும் நிறத்தைச் சற்றுத் தாமதமாகவும் தொடங்கினால் மாற்றம் உயிருள்ளதாகத் தோன்றுகிறது என்பது என் கைப்பழக்கம் சொல்வது, விதியன்று. கோப்பில் உள்ள பிக்சல் எண் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை என்பது உறுதியான செய்தி: எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறக் குறியீட்டு முறையில் சேமித்த படத்தில், 0 முதல் 255 வரையிலான அளவுகோலில் 128 என்ற எண் பாதி ஒளியைக் குறிப்பதில்லை, சுமார் 22 சதவீதத்தைத்தான் குறிக்கிறது, உண்மையான பாதி ஒளிக்கு எண் 188-ஐ ஒட்டி வரும். ஆகவே எண்களை அப்படியே சராசரி எடுத்தால் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடங்கள் இருண்டு போகும். ஆனால் முகத்துக்கு முகம் கலக்கும்போது இரண்டும் ஒத்த வெளிச்சத்தில் இருந்தால் வேறுபாடு சிறிதே. எது அழகு என்பதில் தொழில் தெரிந்தவர்களே வேறுபடுவார்கள். இரண்டையும் செய்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இதைவிடக் கண்ணில் படுவது தோலின் நுணுக்கம். இரண்டு படங்களிலும் ஒரே அளவு ஃபிலிம் குருணை (படத்தில் தெரியும் நுண்புள்ளிகள்) இருக்கிறது என்று கொண்டால், பாதிக்குப் பாதி கலக்கும்போது அந்தக் குருணையின் வீச்சு சுமார் 0.71 மடங்காகக் குறையும். சுருக்கங்களும் மயிர்க்கால்களும் ஒன்றோடொன்று பொருந்தாததால் அவையும் மங்கும். அதனால் நடு ஃபிரேம்களில் முகம் மெழுகு பூசினாற்போல வழுவழுப்பாகி, இருவரையும்விட இளமையாகத் தெரியும். 1870-களில் பிரான்சிஸ் கால்டன் பலரது முகங்களை ஒரே புகைப்படத் தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தபோது, கலவை முகம் அதில் அடங்கிய தனி முகங்களைவிட அழகாக இருப்பதைக் கண்டதும் இதனால்தான். குற்றவாளிகளின் முகச்சாயலைத் தேடிப் புறப்பட்டவருக்குக் கிடைத்தது சராசரியின் வழுவழுப்பு. இதைச் சரிசெய்ய, குருணையை முன்கூட்டியே இரண்டு படங்களிலிருந்தும் நீக்கிவிட்டு, மார்ஃபிங் முடிந்த பிறகு எல்லா ஃபிரேம்களுக்கும் புதிதாகச் சீரான குருணையைச் சேர்ப்பது கம்பாசிட்டிங்கில் வழக்கம்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்விடியா 2018-இல் வெளியிட்ட ஸ்டைல்கேன் போன்ற மாதிரிகள், ஒவ்வொரு முகத்தையும் ஒரு நீண்ட எண்வரிசையாக வைத்துக்கொண்டு, இரண்டு எண்வரிசைகளுக்கு இடையே நகரும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு முழு முகத்தைப் புதிதாக உருவாக்கித் தருகின்றன. நான்கு கண்கள் தெரிய வாய்ப்பே இல்லை. பல் பிதுங்குவதும் இல்லை. ஆனால் உங்கள் தாத்தாவின் படத்தை அந்த எண்வரிசையாக மாற்றும்போதே அது அவரை ஒத்த ஒரு முகமாகிவிடுகிறது, அவராகவே இருப்பதில்லை. பயிற்சிக்குக் கொடுத்த முகங்களில் மிகுதியாக இருந்த சாயல் அவர்மீது ஏறும். திருநீறு போன்றவை காணாமல் போகவோ தழும்பாக மாறவோ கூடும். வெறும் புள்ளி இரைச்சலிலிருந்து படிப்படியாகப் படத்தை உருவாக்கும் டிஃப்யூஷன் மாதிரிகளில் ஃபிரேமுக்கு ஃபிரேம் சட்டைப் பொத்தானும் முடியிழையும் துடிப்பதும் உண்டு. கூகுள் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட 'ஃபிலிம்' (FILM) போன்ற, இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள ஃபிரேம்களை உருவாக்கும் மாதிரிகள், அடுத்தடுத்து எடுத்த ஒரே காட்சியின் படங்களுக்காகச் செய்யப்பட்டவை. இரண்டு வேறு முகங்களைக் கொடுத்தால் பெரும்பாலும் டிஸ்ஸால்வுக்கு அருகிலான குழப்பத்தையே தரும். முக்கோண முறையிலோ ஒவ்வொரு பிக்சலும் உங்கள் படத்திலிருந்தோ தாத்தாவின் படத்திலிருந்தோ மட்டுமே வருகிறது. ஓர் ஆட்டின் முகம் புலியாக வேண்டுமானால் நானே புதிய மாதிரிகளைத்தான் நாடுவேன். குடும்பத்தில் ஒருவரின் கிடைத்த ஒரே படம் என்றால், அவருடைய முகத்தை அவருடைய முகமாகவே வைத்திருக்கும் பழைய முறையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நடு ஃபிரேமைப் பார்த்து, 'அப்பாவே அப்படியே இருக்கிறாரே' என்று வீட்டில் சொல்வார்கள். அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். மரபு இப்படிப் புள்ளிகளின் சராசரியாக இயங்குவதில்லை. அந்த முகம் இருவரையும் ஒத்திருக்கும் என்பது மட்டும் மெய். 2014-இல் இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டு பேரைக் கலந்து செய்த ஒரே கடவுச்சீட்டுப் படத்தை முகமறி மென்பொருள்கள் இருவருக்கும் உரியதாக ஏற்றுக்கொள்வதைக் காட்டினார்கள். அந்த அளவுக்கு ஒத்திருக்கும்.

மென்பொருள்களில், நிரல் எழுதாமல் செய்ய ஃபேன்டாமார்ஃப் போதும். புள்ளிகளை இரண்டு படங்களிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறிக்கலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வைத்திருந்தால் அதிலுள்ள ரீஷேப் எஃபெக்ட்டும், நியூக் வைத்திருந்தால் ஸ்பிளைன்வார்ப்பும் வளைவுகளைக் கொண்டு இயங்குபவை. தாடை, முடி வரம்பு ஆகியவற்றுக்குப் புள்ளிகளைவிட வளைவுகள் நன்றாகப் பிடிக்கும். பைதான் நிரல்மொழி தெரியுமானால் ஓப்பன்சிவி என்ற படச்செயலாக்க நூலகம், டிலிப் இரண்டும் போதும், செலவில்லை. பவர்பாயின்டில் மார்ஃப் என்ற பெயரில் இருப்பது ஸ்லைடிலுள்ள பொருள்களை இடம் மாற்றுவது, முகத்தின் உள்ளே அது எதையும் இழுக்காது. எதைப் பயன்படுத்தினாலும் முழுக் காணொளியையும் ஓடவிடுவதற்கு முன், சரிபாதி ஃபிரேமை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியின் விளிம்பு, மூக்குத் துளை, உதடுகள் சேரும் கோடு, காது மடல் ஆகிய நான்கில் எங்கே இரட்டைக் கோடு தெரிகிறதோ, அங்கே ஒரு புள்ளி குறைகிறது அல்லது தவறான இடத்தில் இருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டு மறுபடி பாருங்கள். அந்த ஒரு ஃபிரேம் தூய்மையாகிவிட்டால் மற்ற ஃபிரேம்களில் பெரிதாகத் திருத்த ஒன்றும் இருக்காது.